செப்டிசீமியா: சொல்லும் பொருளும்

கொழும்பில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்களின் காதில் அடிக்கடி விழும் சொல் இது. "அப்பாவுக்குத் திரும்பவும் காய்ச்சல், செப்டிசீமியாவோ என்று பார்க்கிறோம்" என்பார் வைத்தியர். வெள்ளவத்தை வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரும்போது அது "இரத்தம் பழுதாப் போச்சாம்" என்றாகிவிடும். சோதனை முடிவு வருமுன்னே அழுகை தொடங்கிவிடும்.

சொல்லின் வேரும் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கிறது. கிரேக்கத்தில் 'செப்சிஸ்' என்றால் அழுகல், 'ஹைமா' என்றால் குருதி. அழுகிய புண்ணின் நஞ்சு குருதியில் கலக்கிறது என்று எண்ணிய காலத்துப் பெயர். உண்மையில் குருதி அழுகுவதில்லை.

இன்று இரண்டைப் பிரித்தே பேசுகிறார்கள். குருதியில் பற்றீரியா இருப்பது பற்றீரீமியா. தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல் கட்டுமீறித் தன் உறுப்புகளையே பாதித்து, உயிருக்கு ஆபத்தாவது செப்சிஸ். 2016 இல் வெளியான சர்வதேச வரைவிலக்கணத்தின் சாரம் இதுதான். நியூமோனியாவால் செப்சிஸ் வந்தவரின் குருதியில் கிருமி அகப்படாமலும் போகலாம். இந்தக் குழப்பத்தால் செப்டிசீமியா என்ற பழைய சொல்லை மருத்துவ எழுத்து மெல்லக் கைவிட, பேச்சில் அது தங்கிவிட்டது.

தமிழில் 'இரத்தம் நஞ்சாதல்' என்று எழுதுவது அந்தப் பழைய பிழையையே திரும்பச் சொல்வது. 'குருதியோட்டத் தொற்று' என்பதே பொருத்தம் என்பேன். குருதி சங்ககாலச் சொல். எங்கள் பள்ளி விஞ்ஞானப் புத்தகத்திலும் அதுதான். கிருமி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது, பயமுறுத்தவில்லை. செப்சிஸை அப்படியே செப்சிஸ் என்று எழுதி, விளக்கத்தைத் தமிழில் கொடுப்பது நல்லது.

'காய்ச்சல்' எங்கள் சொந்தச் சொல். காய்தல் என்றால் சூடேறுதல், உலர்தல். குளிர்காய்வதும் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் கொடுப்பதும் அந்த வேரிலிருந்து வந்தவையே. தீவிர சிகிச்சையில் 38.3 பாகை செல்சியசையோ அதற்கு மேலோ புதிதாகத் தொட்டால் காரணம் தேடத் தொடங்குவார்கள். ஆனால் மருந்து ஒவ்வாமை, காலில் குருதி உறைதல், குருதி ஏற்றுதல், சத்திரசிகிச்சை எதுவும் காய்ச்சலைத் தரலாம். மறுபுறம், முதியவருக்கும் ஸ்டீரொயிட் எடுப்பவருக்கும் கடும் தொற்றிலும் சூடு ஏறாமல் போகும். சிறுநீரகத்துக்குப் பதிலாக ஓடும் இயந்திரம் குருதியைக் குளிரவைத்துக் காய்ச்சலை மறைத்துவிடும். 36 பாகைக்குக் கீழே இறங்குவதும் எச்சரிக்கைதான்.

ஆகவே காய்ச்சல் ஓர் அறிகுறி மட்டுமே. விடை 'பிளட் கல்ச்சர்' எனும் குருதி வளர்ப்புச் சோதனையில் இருக்கிறது. கையை நன்றாகத் துடைத்து, கூடுமானவரை அன்டிபயொட்டிக் கொடுக்குமுன், வெவ்வேறு இடங்களிலிருந்து குருதி எடுத்துப் போத்தல்களில் விடுவார்கள். ஒரு தொகுதியில் பெரும்பாலும் இரண்டு போத்தல்: ஒன்று ஒட்சிசனில் வளரும் கிருமிக்கு, மற்றது அது இல்லாமல் வளர்வதற்கு. கழுத்து நாளத்தில் போட்ட குழாயில் சந்தேகமிருந்தால் அதிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே அளவு எடுப்பார்கள். குழாய்க் குருதியில் அதே கிருமி இரண்டு மணித்தியாலமாவது முந்தி வளர்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்தக் குழாய்தான்.

வழமையாக ஐந்து நாள்வரை போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாளில் "ஒன்றும் வளரவில்லை" என்று சொன்னால் அது இடைக்கால அறிக்கை. கடும் தொற்றென்று சந்தேகித்தால் அதுவரை காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். கிருமி எதுவென்று தெரிந்ததும் மருந்தை மாற்றுவார்கள்.