‘வர்றேன்’ என்று சொல்லும் அந்த அரை நாள்: மாத்திரைப் போதையில் இருப்பவரைச் சிகிச்சைக்கு அழைத்துவருவது

“சரி, டாக்டரப் பார்க்கலாம்” என்று ஒருவர் ஒப்புக்கொள்ளும் மனநிலை பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் நிற்பதில்லை. காலையில் தலையாட்டியவருக்கு மதியம் உடம்பு முறுக்க ஆரம்பித்துவிடும். அதன்பிறகு அவர் மனதில் ஓடுவது அடுத்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்பது மட்டும்தான். வீட்டிலோ அப்போதுதான் எந்த ஆஸ்பத்திரி, யார் லீவு போடுவது, சித்தப்பாவிடம் சொல்லலாமா என்று பேச்சு தொடங்கியிருக்கும். பல குடும்பங்கள் முதல் வாய்ப்பை இப்படித்தான் இழக்கின்றன. அவரைச் சம்மதிக்க வைக்கப் போராடும் நேரத்தில் பாதியை, அவர் சம்மதிக்கப்போகும் நாளுக்கான ஏற்பாட்டில் செலவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இன்று இளைஞர்களின் பெற்றோர் பலர் எதிர்கொள்வது வலிநிவாரணி மாத்திரைகளை, குறிப்பாக டேபென்டடாலை. 50, 75, 100 மில்லிகிராம் அளவுகளில் வரும் இந்த மாத்திரை ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது. மூளையில் வேலை செய்யும் விதத்தில் ஹெராயினுக்கு உறவுக்காரன். ஒரு கட்டத்துக்குப் பிறகு இதைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தைத் தவிர மாவுப்பொருள்களும் இருக்கும். அவை ரத்தத்தில் கரையாமல் நரம்பை அடைக்கும், சீழ்க்கட்டி வரும், கை வீங்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் பரவும்.

வீட்டில் கண்ணில் படுபவை இவை: வெயிலிலும் முழுக்கைச் சட்டை, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, உட்கார்ந்தபடியே தூங்கி விழுதல், அடிக்கடி சொறிதல், நாள்கணக்கில் மலச்சிக்கல். மாத்திரை கிடைக்காத நாளில் இதற்கு நேர்மாறாக மூக்கு ஒழுகும், ஓயாமல் கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், வயிற்றுப்போக்கும் இடுப்பு, கால் வலியும் இருக்கும். இதை வைரல் காய்ச்சல் என்று நினைத்து வாரக்கணக்கில் பாராசிட்டமால் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனை கிட் வாங்கி வைத்து, ‘நெகட்டிவ்’ வந்ததும் நிம்மதி அடைபவர்களும் உண்டு. ஓபியம், மார்ஃபினைக் கண்டுபிடிக்கும் சாதாரண கிட்டில் டேபென்டடால் பெரும்பாலும் பிடிபடாது. அந்த நிம்மதியை நம்பாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது தகவல் சேகரிப்பு. கிடைத்த காலி அட்டையை ஆத்திரத்தில் கிழித்து எறியாமல் பத்திரப்படுத்துங்கள். டாக்டருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, விழுங்குகிறாரா ஊசியா, எத்தனை மாதமாக, கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ உண்டா, முன்பு வலிப்பு வந்ததா, தற்கொலைக்கு முயன்றிருக்கிறாரா என்பதையெல்லாம் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தூக்க மாத்திரை, மது பற்றிய கேள்வி மிக முக்கியம். டேபென்டடாலை நிறுத்தினால் வரும் அவஸ்தை கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், 10 நாளுக்குள் பெருமளவு அடங்கிவிடும். வாந்தியாலும் பேதியாலும் உடலில் நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொண்டால், கொடுமையாக இருந்தாலும் அது உயிரைப் பறிப்பது அரிது. நைட்ரஸெபாம் போன்ற தூக்க மாத்திரையையோ அதிகக் குடியையோ திடீரென நிறுத்துவது அப்படியல்ல. வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். இந்த இரண்டில் ஒன்று கலந்திருக்கும் பிள்ளையை அறையில் பூட்டிவைத்து ‘நிறுத்த வைப்பது’ கொலைக்குச் சமமான முட்டாள்தனம்.

அடுத்தது இடம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. போன் செய்யும்போது “அட்மிஷன் இருக்கா?” என்பதோடு நிற்காதீர்கள். ஓ.பி. எந்தெந்த நாள், எத்தனை மணிக்குள் சீட்டு வாங்க வேண்டும், வார்டில் உடன் ஒருவர் தங்க வேண்டுமா, நிறுத்தும்போது வரும் வேதனையை அடக்கும் ‘புப்ரினார்பின்’ மாத்திரை அங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் காரணம், அது சாதாரண மருந்துக்கடையில் கிடைப்பதில்லை, அதற்கான மையங்களில்தான் தருவார்கள். பதில்களை எழுதி, ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டு, இரண்டு செட் துணியுடன் ஒரு பையில் வையுங்கள். அந்தப் பை தயாராக இருந்தால்தான் ‘வர்றேன்’ என்ற சொல்லுக்கு மதிப்பு.

இனி பேசுவது. போதையில் இருக்கும்போதும் உடம்பு முறுக்கும்போதும் பேசுவது வீண். இரண்டுக்கும் நடுவே தெளிவாக இருக்கும் நேரம் எது என்பது ஒரு வாரம் கவனித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். அவருக்கு அதிகம் ஒட்டுதல் உள்ள ஒரே ஒருவர் பேசட்டும். அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். உறவினர் ஏழெட்டுப் பேரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பதை நாம் ஏன்தான் இத்தனை நம்புகிறோமோ! அமெரிக்காவில் 130 குடும்பங்களை வைத்து நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தொட்டுப் பார்த்தது. அதில் குடிப்பழக்கம் உள்ளவர்களின் குடும்பத்தாருக்கு மூன்று விதமான வழிகாட்டுதல் தந்தார்கள். எல்லாரும் கூடி நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். ‘உங்கள் மனதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற முறையில் 13 சதவீதம். எப்போது, எப்படிப் பேசுவது, எதற்குப் பாராட்டுவது, எதைச் செய்யாமல் விலகுவது என்று குடும்பத்துக்குப் படிப்படியாகப் பயிற்சி தந்த முறையில் 64 சதவீதம்.

அந்தப் பயிற்சியின் சாரத்தை நம் வீட்டு மொழியில் சொல்லிவிடலாம். “குடும்ப மானத்தையே வாங்கிட்டே” என்பது சண்டையைத் தொடங்கும் வாக்கியம். “நேத்து ராத்திரி அரை மணி நேரம் பாத்ரூம் கதவத் திறக்கல தம்பி, எனக்குப் பயமாப் போச்சு” என்பது நடந்ததையும் உங்கள் உணர்வையும் மட்டும் சொல்வது, அதை மறுப்பது கஷ்டம். கேட்பதும் சின்னதாக இருக்கட்டும். “ஆறு மாசம் சென்டர்ல இரு” என்றால் ஓடிவிடுவார். “ஒரே ஒரு தடவை டாக்டரப் பார்ப்போம், அட்மிஷன் பத்தி அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றால் யோசிப்பார். அப்படிச் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஓ.பி.க்கு என்று கூட்டிப்போய் வார்டில் தள்ளினால் அடுத்த முறை உங்களை நம்பமாட்டார். மறுத்தால் வாதாடாமல் எழுந்துவிடுங்கள், நாலு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பயங்கள் இருக்கும். ஒன்று, அந்த உடல் வேதனை. அதற்கு மருந்து இருக்கிறது என்று சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது. இரண்டாவது, போலீஸ். சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாக வைப்பது மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன்படி மருத்துவர்களின் கடமை. ஏற்கெனவே வழக்கில் சிக்கியவருக்கும் வழி உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருள் உட்கொண்டதற்காகவோ ‘சிறு அளவு’ வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். வக்கீலிடம் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

பணம் கையில் கொடுப்பதை நிறுத்துங்கள். சாப்பாடு, பஸ் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவை நீங்களே நேரடியாகச் செய்யுங்கள். ‘கடன்காரன் அடிப்பான்’ என்று கேட்டு வாங்கும் பணம் பெரும்பாலும் மாத்திரைக்கே போகும். அதற்காக வீட்டைவிட்டுத் துரத்தவும் வேண்டாம். தெருவில் இருப்பவருக்கு அந்த அரை நாள் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

சாம்பாரிலோ காப்பியிலோ ‘போதையை நிறுத்தும் மருந்து’ கலந்து கொடுப்பதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். குடிக்கு எதிராக இப்படி ரகசியமாகக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஓபியாய்டு எடுப்பவருக்கு, அது மூளையில் வேலை செய்யாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனைத் தெரியாமல் கொடுத்தால் அத்தனை வேதனையும் ஒரே மணி நேரத்தில் மொத்தமாகத் தாக்கும். அந்த மருந்துக்கு முன் 7 முதல் 10 நாள் ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் இருந்தாக வேண்டும்.

தனியார் மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ததற்கான சான்றிதழை முதலில் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார், இரவில் நர்ஸ் யார், வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், கட்டணம் எழுத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். “நாங்களே வேன்ல வந்து தூக்கிக்கிறோம்”, “மூணு மாசம் யாரும் பார்க்கக் கூடாது”, “நூறு சதவீதம் கேரண்டி” என்ற மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் போனை வைத்துவிடுங்கள். சங்கிலி போட்டுக் கட்டுவதை 2017 சட்டம் அடியோடு தடை செய்கிறது. தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டிய பிள்ளை அங்கே கற்றுக்கொள்வது, வெளியே வந்ததும் குடும்பத்துக்குத் தெரியாமல் எடுப்பதைத்தான்.

சம்மதமே இல்லை, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துகிறார் அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89-ஆவது பிரிவின்கீழ் அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்கலாம். சிகிச்சை தேவைப்படுபவர் யாரையும் நியமித்திருக்காவிட்டால் உறவினரே பிரதிநிதி. ஒரு மனநல மருத்துவரும், வேறொரு மருத்துவர் அல்லது மனநல நிபுணரும் தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை அனுமதிக்கலாம். இதைப் பதிவுபெற்ற மனநல மருத்துவமனையில் மட்டுமே செய்ய முடியும்.

டாக்டர் முன்னால் கடைசி மாத்திரை எப்போது எடுத்தார் என்பதில் பொய் கூடாது. உடல் வேதனை தெளிவாகத் தொடங்கிய பிறகுதான் புப்ரினார்பினைத் தொடங்க முடியும். சீக்கிரம் கொடுத்தால் அந்த மருந்தே வேதனையைக் கிளப்பிவிடும். அதை நாக்கின் அடியில் வைத்து முழுவதும் கரையும்வரை 5 முதல் 10 நிமிடம் தண்ணீர் குடிக்காமல், விழுங்காமல் இருக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும். மாத்திரைகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், அன்றன்றைக்கு உரியதை நீங்களே எடுத்துக்கொடுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் சி இருந்தால் பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே குணமாகிவிடும், அரசுத் திட்டத்தில் இலவசம்.

“மாத்திரைய விட இன்னொரு மாத்திரையா?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் அப்பா. 10 நாளில் உடல் வேதனை தீர்ந்ததும் நிறுத்தச் சொல்லி நெருக்குவார்கள். மீண்டும் விழுபவர்களில் பலர் விழுவது இங்கேதான். புப்ரினார்பின் ஒரு நாளுக்கு மேல் வேலை செய்வதால் ஏற்ற இறக்கம் இல்லை, ஓர் அளவுக்கு மேல் எடுத்தாலும் போதை ஏறாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடும் அப்பாவிடம் இதை விளக்குவது அவ்வளவு கஷ்டமில்லை.

வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு அதிக ஆபத்தானவை. இடைவெளியில் உடலின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவை ஒருமுறை எடுத்தாலும் மூச்சு நின்றுபோகலாம். எழுப்பினால் எழாமல், குறட்டை போல இழுத்து மூச்சு விட்டு, உதடு நீலமாக இருந்தால் உடனே 108. மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஐந்து வினாடிக்கு ஒருமுறை ஊதுங்கள், நாடித்துடிப்பு இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்துங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடம் என்ன எடுத்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதை முறிக்க நாலாக்ஸோன் ஊசி இருக்கிறது.

மறுபடி ஒருநாள் எடுத்துவிட்டார் என்று தெரிந்தால், அடுத்த ஓ.பி. தேதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றே போன் செய்து, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். அளவு போதாமல் மாலையில் உடம்பு முறுக்கியதால் எடுத்தவர்கள் நிறையப் பேர், அதை டோஸை மாற்றியே சரிசெய்துவிடலாம். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு, எடுப்பதற்கு முன் உடம்பு எப்படி இருந்தது என்பதைத் திட்டாமல் கேட்டு, அந்தப் பழைய தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.