அப்பாவுக்கு எத்தனை தலையணை?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹார்ட் அட்டாக் வந்து மூன்று வருடமாகிறது. எக்கோ ஸ்கேனில் ‘பம்பிங் 30 சதவீதம்’ என்று எழுதியிருக்கிறார்கள் (இதயத்தின் இடது அறை தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் பங்கு அது). இரவு பத்து மணிக்கு நன்றாகத்தான் படுக்கிறார். பன்னிரண்டு மணி வாக்கில் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறார். அரை மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. எதிர் வீட்டுப் பாட்டி ‘அமுக்குவான் பேய்’ என்று சொல்லிக் கயிறு மந்திரித்துக் கொடுத்திருக்கிறாராம். “பேய் இல்லைன்னு தெரியும் சார். ஆனா படுத்த உடனே வராம, தூங்கி ரெண்டு மணி நேரம் கழிச்சு ஏன் வருது?”

அருமையான கேள்வி. பதில் அப்பாவின் காலில் இருக்கிறது.

இதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்கு ரத்தம் தள்ளுகிறது, இடது பக்கம் உடம்புக்கு. இது பள்ளிப் பாடம். பாடத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: வலது பக்கம் தள்ளியதை இடது பக்கம் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வாங்கித் தள்ளியாக வேண்டும். ஒரே ஒரு சொட்டு தேங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரிப்ஸ் ஏற்றும் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. துடிப்புக்கு ஒரு சொட்டு தேங்கினால் நிமிடத்துக்கு 70 சொட்டு, அதாவது மூன்றரை மில்லி. ஒரு மணி நேரத்தில் 210 மில்லி. டீக்கடை கிளாஸில் இரண்டு கிளாஸ்! நுரையீரல் ரத்தக்குழாய்களில் சாதாரணமாக இருக்கும் ரத்தமே ஏறக்குறைய அரை லிட்டர்தான்.

நல்ல இதயம் இந்தச் சொட்டைத் தேங்க விடாது. கூடுதலாக ரத்தம் வந்து தசை இழுபட்டால், அடுத்த துடிப்பிலேயே கூடுதல் விசையோடு சுருங்கித் தள்ளிவிடும். ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதி என்று இதற்குப் பெயர். மூளையைக் கேட்காமல், நரம்பின் தயவில்லாமல், தசை தானே போட்டுக்கொள்ளும் கணக்கு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது. அட்டாக்கில் தழும்பேறிய இடது பக்கமும் இழுபடத்தான் செய்கிறது. திருப்பித் தள்ளத்தான் தெம்பில்லை.

சரி, அந்தக் கூடுதல் ரத்தம் எங்கிருந்து வருகிறது? பகல் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் இருப்பதால் நீர் காலில் இறங்கிவிடுகிறது. சாயங்காலம் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழும். படுத்ததும் கால் ரத்தக்குழாய்களில் நின்ற ரத்தம், கால் லிட்டருக்கு மேல், உடனே மார்புக்கு வந்துவிடும். தலையணையை அடுக்கித் தலையையும் மார்பையும் உயர்த்திக்கொண்டால் அது கொஞ்சம் குறையும். டாக்டர் “எத்தனை தலையணை வைச்சுப் படுக்கிறீங்க?” என்று கேட்பது இதற்காகத்தான். ஆனால் வீக்கமாகத் தசையில் ஊறிப்போன நீர் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. கசிந்து கசிந்து ரத்தத்தில் சேர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். உங்கள் அமுக்குவான் பேய் தாமதமாக வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

நுரையீரல் நுண்குழாய்களில் அழுத்தம் வழக்கமாக 10 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். ரத்தத்திலுள்ள புரதங்கள் நீரை உள்ளே பிடித்து வைக்கும் விசை சுமார் 25. அழுத்தம் அதை நெருங்க நெருங்க நீர் வெளியே கசியும். அந்தச் சுவரிலேயே காவலுக்கு இருக்கின்றன ‘ஜே’ உணர்விகள் என்னும் நரம்பு முனைகள். நீர் கோத்த உடனே மூளைக்குத் தகவல் போகிறது. மூச்சு மேலோட்டமாக, வேகமாக வாங்குகிறது. அவற்றைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டு உடலியங்கியல் அறிஞர் ஏ.எஸ். பெயின்டால். ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுத்து அதில் ஓடும் மின்துடிப்பைக் கேட்டவர். ‘இதனால் என்ன உபயோகம்?’ என்று விண்ணப்பத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்லும் இன்றைய நிதிக் குழுக்கள் அவருக்குப் பணம் கொடுத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பாட்டியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை 1975-இல் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு கயிறை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. இப்படி இரவில் எழுந்து உட்காருவது, இப்போதைய மருந்து போதவில்லை என்பதற்கான அறிகுறி. உடனே டாக்டரைப் பாருங்கள். நீர் மாத்திரையின் அளவை அவர்தான் மாற்ற வேண்டும், நாமாகக் கூட்டக் கூடாது.

வீட்டில் கண்காணிக்க வேண்டியது உப்பு. உடம்பு 9 கிராம் உப்புக்கு ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். காசிமேட்டுக் கருவாட்டுக் குழம்பு ஒரு வேளை உள்ளே போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கும் இதே கதைதான். ஊறுகாய் ஜாடியை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தோம், அதையும் கண்டுபிடித்தார். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், ஏமாற வேண்டாம். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும்; சில இதய மருந்துகளோடு அது ஆபத்து. தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, தண்ணீர். டாக்டருக்குப் போன் போடுங்கள்.

மூச்சு முட்டும்போது படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். மார்புக்கு வந்த ரத்தத்தில் கொஞ்சம் காலுக்கே இறங்கும். சில நிமிடங்களில் தணியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பேச முடியவில்லை, இளஞ்சிவப்பாக நுரை வருகிறது என்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் 108.

ஜன்னலைத் திறப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதில் அர்த்தம் இருக்கிறது. முகத்தில் குளிர்ந்த காற்று பட்டால், முகத்தின் தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு வழியாகப் போகும் அந்தச் சேதி மூச்சுத் திணறும் உணர்வைக் கொஞ்சம் தணிக்கும். நுரையீரலில் நீர் அப்படியேதான் இருக்கும், தவிப்பு மட்டும் குறையும். கடல் காற்று வராத இரவில் ஒரு சின்ன டேபிள் ஃபேனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வையுங்கள்.