சூப்பர்விஷன்: மேற்பார்வையா, உசாவலா?

உளவியல் ஆலோசகர் தன் வேலையைப் பற்றி இன்னோர் ஆலோசகரிடம் தொடர்ந்து பேசுவதுதான் சூப்பர்விஷன். பயிற்சியில் இருந்தபோது என் முதல் சூப்பர்விஷனுக்கு நான் கணக்குத் தணிக்கைக்குப் போவதுபோலத்தான் போனேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர் சொன்னது, நான் சொன்னது என்று எல்லாவற்றையும் முந்தின இரவே உட்கார்ந்து தேதிவாரியாக எழுதி வைத்திருந்தேன். பயிற்சிப் படிவத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்கு ‘மேற்பார்வை’ என்று பெயர் போட்டிருந்தது. மேற்பார்வை என்றால் தப்பைக் கண்டுபிடிக்கத்தானே?

இருபது நிமிடம் ஒப்பித்தேன். எதிரில் இருந்த சூப்பர்வைசர் என் நோட்டைக் கேட்கவே இல்லை. “பேச ஆரம்பிச்சதிலேருந்து நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்துட்டீங்க. எங்கேயாவது போகணுமா?” என்றார். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. “இல்ல, உங்க நேரத்தை வீணாக்குறேனோன்னு…” என்று இழுத்தேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. நான் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனோ, அவர் ஒவ்வொரு அமர்விலும் கிளம்பும்போது சொல்வது இதே வாக்கியம். பக்கம் பக்கமாக எழுதிய குறிப்பில் அது ஓரிடத்திலும் இல்லை. என் உடம்பு மட்டும் அதைச் சுமந்துகொண்டு அந்த அறைக்குள் வந்திருக்கிறது.

இதற்கு இந்தத் துறையில் பெயர் உண்டு. அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் சியர்ல்ஸ் 1955இல் இதைப் பிரதிபலிப்பு என்று எழுதினார். 1958இல் அதே துறையைச் சேர்ந்த எக்ஸ்டைனும் வாலர்ஸ்டைனும் இணைநிகழ்வு என்ற பொருளில் ‘பேரலல் பிராசஸ்’ என்றார்கள். ஆலோசனை அறையில் நடப்பது, அதைப் பற்றிப் பேசும் அறையிலும் தானாக நடந்துவிடும். அதைக் கவனித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். சரி, அந்த இன்னொருவர் செய்கிற வேலையைத் தமிழில் எப்படிச் சொல்வது? மேற்பார்வை என்ற சொல்லோடு எனக்கிருக்கும் பிணக்கு அங்கேதான் தொடங்கியது.

முதலில் மூலச்சொல். லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல், ‘விதேரே’ என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்த வினை இடைக்கால லத்தீனில் உருவாகி ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் தொடக்க காலத்தில் அதற்கு இன்னொரு பொருளும் இருந்தது: ஓர் எழுத்துப் பிரதியை முழுக்கப் படித்துப் பார்ப்பது. அந்தப் பொருள் வழக்கொழிந்தது எனக்கு வருத்தம்தான். ஒருவரின் வேலையைப் பொறுமையாக, வரிவரியாக, அவரோடு சேர்ந்து படிப்பது என்பது இன்று நாங்கள் செய்வதற்கு எவ்வளவோ நெருக்கமானது. நிலைத்ததோ மேலிருந்து ஆளைப் பார்க்கிற பொருள். நம் ‘மேற்பார்வை’ அதன் நேர் வார்ப்பு. மேல், பார்வை என்று உறுப்புக்கு உறுப்பு அப்படியே பொருந்துகிறது.

இந்தச் சொல் மனநலப் பணிக்குள் வந்த வழியில் உண்மையாகவே மேற்பார்வை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொண்டு அமைப்புகள் ஏழைக் குடும்பங்களைப் பார்த்துவர தன்னார்வலர்களை அனுப்பின. அவர்களின் வேலையைப் பிரித்துக் கொடுக்கவும் சரிபார்க்கவும் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். சமூகப் பணித்துறையின் சூப்பர்விஷன் அங்கிருந்து வளர்ந்தது. உளப்பகுப்பாய்வின் கிளை வேறு. 1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோனும் சகாக்களும் தொடங்கிய மருத்துவமனையில், பயிற்சியில் இருப்பவர் தான் பார்க்கும் ஆட்களைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து பேச வேண்டும் என்பது பயிற்சியின் பகுதியானது. ஜெர்மன் மொழியில் அதற்கு வைத்த பெயர் ‘கொன்ட்ரோல் அனலூஸ’. அங்கே ‘கொன்ட்ரோல்’ என்றால் சரிபார்ப்பு.

பெயர் கடுமையாக இருந்தாலும் உள்ளே ஒரு நல்ல சண்டை நடந்தது. மூத்தவர் யாராக இருக்க வேண்டும்? பயிற்சி பெறுபவரின் சொந்த மனதை யார் பகுப்பாய்வு செய்கிறாரோ அவரே இதையும் செய்யட்டும், அப்போதுதான் வந்தவரின் பேச்சு பயிற்சி பெறுபவருக்குள் எதைக் கிளறுகிறது என்று தெரியும் என்றது புடாபெஸ்டின் உளப்பகுப்பாய்வாளர் குழு. இரண்டையும் கலக்காதீர்கள், இது கற்பித்தல், வேறு ஆள் செய்யட்டும் என்றது வியன்னா குழு. நடைமுறையில் வியன்னா வழிதான் பரவலாக வென்றது. ஆனால் புடாபெஸ்ட் எழுப்பிய கேள்வி சாகவில்லை. கடிகாரத்தைப் பற்றி என்னிடம் கேட்டாரே, அது புடாபெஸ்ட் கேள்விதான்.

இன்று ஒரே சொல் அட்லாண்டிக்கின் இரண்டு கரைகளில் இரண்டு பொருள் தருகிறது. அமெரிக்காவில் பொதுவாக உரிமம் பெறும் வரைக்கும்தான் சூப்பர்விஷன் கட்டாயம். பயிற்சி பெறுபவர் பார்ப்பவர்களுக்கான பொறுப்பில் மேலே இருப்பவருக்கும் பங்குண்டு. உரிமம் வந்த பிறகு மூத்தவரிடம் போய்ப் பேசினால் அதற்கு வேறு பெயர், கலந்தாலோசனை. முடிவும் பொறுப்பும் பேசப் போனவருடையதே. பிரிட்டனில் அப்படியில்லை. அங்குள்ள கவுன்சலிங், உளச்சிகிச்சைச் சங்கமான பி.ஏ.சி.பி., தன்னிடம் அங்கீகாரம் பெற்றவர்கள் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது சூப்பர்விஷனில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. முப்பது வருட அனுபவம் இருந்தாலும் விலக்கில்லை. இவருக்கு மேல் இனி யார் என்று கேட்கக்கூடிய நிலையில் இருப்பவரும் போகிறார். அப்படியென்றால் அந்தச் சொல்லிலிருந்து ‘மேல்’ எப்போதோ கழன்றுவிட்டது, ஒலியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

‘பார்வை’யும் முழுசாகப் பொருந்தாது. பொதுவாக சூப்பர்வைசர், ஆலோசனைக்கு வந்தவரைப் பார்ப்பதே இல்லை. நான் கொண்டுபோகிற கதையைக் கேட்கிறார், கொண்டுபோகிற என்னைப் பார்க்கிறார். நேரடியாகப் பார்க்கும் வழிகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1940களிலேயே அமர்வுகளை இசைத்தட்டில் பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தினார். குடும்பச் சிகிச்சையில் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குழுவே உட்கார்ந்திருக்கும். ஆனால் அங்கேயும் பதிவைப் போட்டுவிட்டு, “இந்த இடத்தில் உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்கும்போதுதான் வேலை தொடங்குகிறது.

அந்த வேலை என்ன என்பதைப் பிரிட்டனின் பிரிஜிட் பிராக்டர் மூன்றாகச் சொன்னார்: கற்க வைப்பது, நெறிக்குள் நிறுத்துவது, தேற்றுவது. முதலிரண்டும் எளிதில் புரியும். மூன்றாவதற்கு, சூப்பர்விஷன் பற்றி நூல் எழுதிய ஹாக்கின்ஸும் ஷோஹெட்டும் காட்டிய ஒப்புமையை மறக்க முடியாது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் உடம்பில் அப்பிய கரியைக் கழுவிக்கொள்ள, முதலாளியின் நேரத்திலேயே, சுரங்க வாசலிலேயே இடம் வேண்டும் என்று போராடினார்கள். கரியோடு வீட்டுக்குப் போகக் கூடாது. நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தில் இறங்கி வேலை செய்பவருக்கும் அந்தக் கழுவுமிடம் வேண்டும். அந்த இடத்தின் கதவில் ‘மேற்பார்வை அறை’ என்று எழுதியிருந்தால் யார் துணிந்து சட்டையைக் கழற்றுவார்?

இப்போது தமிழ்ச் சொற்கள். ‘கண்காணிப்பு’ அகராதிப் பொருளில் இன்னும் நெருக்கம், உணர்வில் இன்னும் தூரம். கண்காணி என்ற பதவி சோழர் கால வடமொழி கலந்த கோயில் கல்வெட்டுகளிலேயே உண்டு: ‘ஸ்ரீமாகேஸ்வரக் கண்காணி’. பிறகு அதே சொல் கங்காணியாகித் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் ஆள் பிடிக்கவும் வேலை வாங்கவும் போனது. அந்த நினைவு உள்ள மொழியில் ஆலோசகரின் மனதுக்குப் பக்கத்தில் கண்காணியை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘வழிகாட்டல்’ தன்மையான சொல், ஆனால் வழி தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று பிரித்துவிடுகிறது. ‘கலந்தாய்வு’ பரவாயில்லை, கல்லூரிச் சேர்க்கைக்கு அது போய்விட்டதால் படித்ததும் வரிசையில் நிற்கும் மாணவர்கள்தான் கண்முன் வருகிறார்கள்.

நான் பயன்படுத்துவது ‘உசாவல்’. உசாவுதல் என்றால் வினவுதல், ஆராய்தல், ஒருவரோடு கலந்து எண்ணுதல். தொல்காப்பிய உரியியல் இரண்டே சொல்லில் பொருள் தருகிறது: ‘உசாவே சூழ்ச்சி’. சூழ்ச்சி என்றதும் பதற வேண்டாம். அன்றைக்கு அது கூடி எண்ணுவதைத்தான் குறித்தது. சதி என்ற பொருள் பின்னால் ஏறியது. இப்படிக் கலந்து எண்ணத் துணையாக இருப்பவர் உசாத்துணை. பழைய அகராதிகளில் இது ஆளைக் குறிக்கும் சொல்லாகவே இருக்கிறது. அப்புறம்தான் அது கட்டுரையின் அடியில் வரும் நூற்பட்டியலுக்குப் பெயரானது. அதனால் குழப்பம் வராதா என்று கேட்கிறார்கள். ‘என் உசாத்துணை’ என்று ஒரு மனிதரைச் சொல்லும்போது நூற்பட்டியல் யாருக்கும் நினைவுக்கு வராது என்பதே என் அனுபவம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கவுன்சலிங்குக்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. தமிழ்நாட்டில் உளவியல் ஆலோசனை என்கிறோம், அரசு அறிவிப்புகளில் ஆற்றுப்படுத்துநர் வருகிறார், இலங்கையில் உளவளத்துணை. இந்தக் கடைசிச் சொல் எனக்கு மிகப் பிடிக்கும். உளவளத்துணையாளருக்கு ஓர் உசாத்துணை என்று எழுதிப் பாருங்கள், இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்கிறார்கள்.

தரை ஒன்றானால் கண்டிப்பு போய்விடுமே என்ற கவலைக்கும் பதில் மொழியிலேயே இருக்கிறது. வள்ளுவர் ‘இடிக்கும் துணையார்’ என்கிறார். துணையாகவும் இருந்துகொண்டு, தவறு செய்தால் இடித்துரைக்கவும் செய்கிறவர். “அவர் கூப்பிட்டதும் ராத்திரி பதினோரு மணிக்கு போனை எடுத்தது யாருக்காக?” என்று என்னிடம் கேட்ட உசாத்துணை அந்த வகை. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அது எனக்காகத்தான் எடுத்தது என்று ஒப்புக்கொள்ள முடிந்தது.

மேற்பார்வையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நிறுவனத்தில் உங்கள் வருகைப் பதிவேட்டையும் வேலைப் பளுவையும் பார்ப்பவர் மேற்பார்வையாளர்தான். பயிற்சியில் இருப்பவரின் பணிக்குச் சட்டப்படி பொறுப்பேற்பவரையும் அப்படியே சொல்லலாம். மேற்பார்வை, உசாவல் இரண்டையும் ஒரே ஆள் செய்யும் இடங்களில்தான் சிக்கல். சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரிடம் “அந்த அமர்வில் எனக்குக் கைகால் ஓடவில்லை” என்று யாரும் மனம்விட்டுச் சொல்வதில்லை. ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு சொல் இருந்தால் இந்தக் கலப்பாவது கண்ணுக்குத் தெரியும்.

நடைமுறையில் இப்படி எழுதுகிறேன்: ‘இந்த மாதம் இரண்டு உசாவல்’, ‘குழு உசாவல்’, அனுபவத்தில் சமமானவர்கள் தங்களுக்குள் செய்தால் ‘சக உசாவல்’. இப்போது பாதிக்கு மேல் வீடியோவில்தான் நடக்கிறது. அதனால் பேச்சுக்கு முன் கதவு சாத்தியிருக்கிறதா, வேறு யார் காதிலாவது விழுமா என்று இருவரும் கேட்டுக்கொள்கிறோம். அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பி உசாவும் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பதிவு எந்தக் கைபேசியில் எத்தனை நாள் கிடக்கும் என்று சொல்ல முடியாது.

வந்தவரிடமும் இதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். முன்பு, “என் சூப்பர்வைசரிடம் இதைப் பற்றிப் பேசுவேன்” என்பேன். சிலர் முகம் சட்டென்று மூடிக்கொள்ளும். மேலே ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். இப்போது, “என் வேலையைப் பற்றி உசாவ எனக்கு ஒருத்தர் இருக்காங்க. உங்க பேரு, அடையாளம் எதையும் சொல்ல மாட்டேன்” என்கிறேன். உசாவல் புரியாதவருக்குக் கலந்து பேசுவது என்றால் போதும். அப்படிச் சொன்ன ஒரு நாள் எதிரில் இருந்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப உங்களுக்கும் ஆள் இருக்காங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அதுவரை நாற்காலி நுனியில் இருந்தவர் அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்தார்.