மும்பையில் அக்குபங்சர்: ஊசிக்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் மூட்டுவலிக்கும் கழுத்துவலிக்கும் அக்குபங்சர் (மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தும் சீன சிகிச்சை) பார்த்துக்கொள்ளும் நம்மவர்கள் நிறைய. "ஊர்ல டிப்ளமோ படிச்சவர், கைராசிக்காரர்" என்று யாராவது சொன்னால் போதும், கையை நீட்டிவிடுகிறோம். இந்த மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது.

மகாராஷ்டிரா அக்குபங்சர் சிகிச்சைமுறைச் சட்டம், 2015 என்பது அதன் பெயர். அதன் கீழ் அமைந்த மாநில அக்குபங்சர் கவுன்சில், சிகிச்சையாளர்களைப் பதிவு செய்கிறது. படிப்பு நடத்தும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதும் அதன் பொறுப்பு. ஆகவே வேறு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாலும் அது இங்கே பதிவு ஆகாது. பதிவு எண் என்ன என்று கேளுங்கள். முறையாகப் பதிவு செய்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மத்திய அரசும் 2019 பிப்ரவரி 21 அன்று அக்குபங்சரைத் தனி மருத்துவமுறையாக அங்கீகரித்து ஆணையிட்டது. அதுவரை 2003 நவம்பர் ஆணைப்படி அது ஒரு சிகிச்சை வழி மட்டும்தான். மேற்கு வங்கம் 1996-லேயே சட்டம் போட்டுவிட்டது. அது பொருத்தம்தான்: சோலாப்பூர்க்காரரான டாக்டர் கோட்னிஸோடு 1938-இல் இந்திய மருத்துவக் குழுவில் சீனா போன கல்கத்தா டாக்டர் பிஜய் குமார் பாசுதான் பின்னாளில் இந்த வித்தையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்.

சரி, உள்ளே போனதும் எதைப் பார்ப்பது? ஊசியை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புது ஊசியா, உறையை உங்கள் கண் முன்னே பிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள்காமாலைக் கிருமி பரவும். குத்தி எடுத்த ஊசி சாதாரணக் குப்பைக்கூடைக்குப் போகக்கூடாது; 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சுப் பகுதியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலே துளைபடலாம். பயிற்சி முக்கியம் என்று சொல்வது இதற்காகத்தான்.

என் அம்மாவை முழங்கால் வலிக்கு ஒருவரிடம் அழைத்துப் போனேன். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்க" என்றார். பதிவு எண் கேட்டேன், பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டோம். மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ அதை எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்ல வேண்டியது.

அப்புறம், ரசீது. பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. கொடுத்த தொகைக்கு ஆதாரம் மட்டும் கையில் இருக்க வேண்டும். அதனால் 200 ரூபாய் கொடுத்தாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.