ஓவர்ஷேரிங்: மிகைப்பகிர்வு

காதல் முறிந்த இரவில் தோழி ஒருத்திக்கு மட்டும் அனுப்பிய நீண்ட வாட்ஸ்அப் செய்தி, மறுநாள் ஸ்கிரீன்ஷாட்டாக வகுப்புக் குழுவில் சுற்றுகிறது. அனுப்பியவர் செய்தது ஓவர்ஷேரிங், அதாவது சொல்ல வேண்டியதற்கு மேல் சொல்லிவிடுவது. வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்ட் அகராதி 2008இலும், சேம்பர்ஸ் அகராதி 2014இலும் 'ஓவர்ஷேர்' என்பதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தன.

ஆங்கில 'ஷேர்', வெட்டுதலைக் குறிக்கும் 'ஷியர்' என்ற சொல்லோடு பிறந்தது. நம் 'பகிர்' பிறந்தது 'பகு' என்ற வேரில். பகுதி, பாதி எல்லாம் அதன் உறவுதான். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: தன்னிடம் உள்ளதைக் கூறிட்டுக் கொடுப்பது. முறிந்த காதலின் கதையிலோ பாதி இன்னொருவருடையது. தன் வலியைச் சொல்வது பகிர்வு. அவர் அந்தரங்கமாகச் சொன்னதையும், அவர் வீட்டுச் சங்கதியையும் சேர்த்துச் சொன்னால் அது மிகை. 'அதிகப்பகிர்வு' அளவை மட்டுமே காட்டும். 'மிகை' வேண்டாத கூடுதலைச் சுட்டும். ஆகவே மிகைப்பகிர்வே பொருத்தம்.

பிரேக்-அப்புக்குப் 'பிரிவு' என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. பாலைத்திணையின் பிரிவில் தலைவன் திரும்பி வருவான் என்ற எதிர்பார்ப்பு உண்டு. இது முறிவு.

செய்தி கைமீறிப் பரவியபின் நடப்பதற்கு இன்னும் பழைய சொற்கள் உள்ளன. இன்னார் என்று விளங்காத அரைகுறை முணுமுணுப்பு அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்னது என்று ஊரே வெளிப்படையாகப் பேசுவது அலர். அரும்பும் மலரும் போல. திருக்குறளின் 115ஆம் அதிகாரம் அலரறிவுறுத்தல். பெயரை மறைத்த ஸ்கிரீன்ஷாட் அம்பல். புரொஃபைல் படம் தெரிந்துவிட்டால் அலர்.

அலரைத் தடுக்கும் பொத்தான் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனைவருக்கும் அழிக்கும் வசதி, அனுப்பியதிலிருந்து சுமார் இரண்டரை நாள் வரைதான். அதுவும் ஏற்கெனவே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைத் தொடாது. மறையும் செய்திகளுக்குக் குறைந்த கெடு 24 மணி நேரம். படமெடுக்க அது தாராளம். ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்தையும் இன்னொரு போனால் எடுத்துவிடலாம். செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் என்க்ரிப்ஷன் காப்பது வழியை. பெற்றவரின் கையை அல்ல. அதனால் முன்னாள் காதலரின் பெயர், தேதி, அவர் அனுப்பிய படம் மூன்றையும் செய்தியில் சேர்க்காதீர்கள். அழ வேண்டுமென்றால் போன் போட்டு அழுங்கள்.

எழுதும்போது 'மிகைப்பகிர்வு செய்தாள்' என்பது விறைப்பாக ஒலிக்கும். 'மிகையாகப் பகிர்ந்துவிட்டாள்' என்பது இயல்பு. பேச்சில் 'ஒண்ணுவிடாம கொட்டிட்டா' போதும்.