லிஃப்டில் ஏன் எல்லோரும் மாடி எண்ணையே பார்க்கிறோம்?

லிஃப்டில் நாலு பேர் ஏறினால் போதும், நால்வரும் மாடி எண்ணைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அது ஒன்றும் அவ்வளவு சுவாரசியமான எண் இல்லை. முன்பின் தெரியாத முகம் அரை மீட்டருக்குள் வந்துவிட்டது, நகர்ந்து நிற்கவும் இடமில்லை. காலால் விலக முடியாதபோது கண்ணால் விலகிக்கொள்கிறோம்.

மைக்கேல் ஆர்கைல், ஜேனட் டீன் என்ற உளவியலாளர்கள் 1965-இல் இதை விளக்கினார்கள். நெருக்கம் என்பது தூரம் மட்டுமில்லை. பார்வை, புன்சிரிப்பு, பேசும் விஷயம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு. ஒன்று கூடினால் இன்னொன்றைக் குறைத்துச் சரிக்கட்டுகிறோம். அவர்களுடைய சோதனையில், எதிரே இருப்பவர் கண்ணை மூடியிருந்தால் மக்கள் இன்னும் கிட்டத்தில் போய் நின்றார்கள்.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் இதற்கு அளவே கொடுத்தார். சுமார் 45 செ.மீ. வரை மிக நெருங்கியவர்களுக்கு, 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கு, அப்புறம் 3.6 மீட்டர் வரை அலுவல் பேச்சுக்கு. இதை உலகத்துக்கே பொதுவான அளவுகோலாகக் காட்டுகிறார்கள், அது சரியில்லை. அவர் கவனித்தது பெரும்பாலும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தினரை. அவரே அதைச் சொல்லியும் இருக்கிறார். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இந்த அளவு மாறும்.

மாறாதது, இப்படி ஓர் எல்லை இருக்கிறது என்பதுதான். அதைக் காவல் காப்பதில் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆபத்தை மோப்பம் பிடிப்பதும் அதே பகுதிதான். அரிய நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோன ஒரு பெண்ணை (ஆய்வுகளில் அவர் பெயர் எஸ்.எம்.) டேனியல் கென்னடியும் ரால்ஃப் அடால்ஃப்ஸும் 2009-இல் சோதித்தார்கள். ஆய்வாளரை நோக்கி நடந்து வாருங்கள், வசதியாகத் தோன்றும் இடத்தில் நில்லுங்கள் என்றார்கள். மற்றவர்கள் சராசரியாக 64 செ.மீ. தள்ளி நின்றார்கள். எஸ்.எம். 34 செ.மீ. வரை வந்தார். மூக்கோடு மூக்கு உரசும்படி நின்றபோதும் தனக்கு ஒன்றும் சங்கடமில்லை என்றார். இத்தனைக்கும், பிறருக்கு இடைவெளி தேவை என்பது அவருக்குத் தெரியும். அறிவு இருக்கிறது, உடம்பு கூசவில்லை.

அதே ஆய்வின் இன்னொரு பகுதி எனக்கு இதைவிட வியப்பு. சாதாரண ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். ஆய்வாளர் கருவியை ஒட்டி நிற்கிறார் என்று தெரிந்தபோது, தள்ளி நின்ற நேரத்தைவிட அமிக்டலா அதிகமாக வேலை செய்தது. உள்ளே படுத்திருந்தவர்களால் அவரைப் பார்க்கவே முடியாது.