கெட்ட செய்தியை யாரிடம் சொல்வீர்கள்?

கல்லூரி முடித்து சென்னைக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் பேசச் சொல்லி, பிரிவு உபசார விழாக்களுக்குக் கூப்பிடுவார்கள். சேமிப்பு, விடாமுயற்சி பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிவிடுவார்கள். மனநல மருத்துவராக நான் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு ஒரு கெட்டது நடந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?

என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் இதற்குப் பதில் சொல்லத் திணறுகிறார்கள். இத்தனைக்கும் வீட்டிலிருந்து தினமும் போன் வருகிறது. "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேம்மா." "வேலையெல்லாம் நல்லா போகுதா?" "போகுதும்மா." இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ராத்திரி தூக்கமே வருவதில்லை, லோன் ஆப்காரன் போனில் இருக்கிற நம்பருக்கெல்லாம் மெசேஜ் போடுவேன் என்று மிரட்டுகிறான்... இவை எதுவும் அந்தப் பேச்சில் வராது. "அம்மாவுக்கு பிரஷர் இருக்கு டாக்டர், எதுக்கு அவங்களையும் கஷ்டப்படுத்தணும்?" என்பார்கள். அந்த அக்கறை உண்மையானது. ஆனால் அம்மாவுக்குத் தெரியவரும்போது விஷயம் கைமீறிப் போயிருக்கும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. 268 ஹார்வர்டு மாணவர்களையும், பாஸ்டனின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த 456 சிறுவர்களையும் வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். 50 வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80 வயதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். பிற்கால ஆரோக்கியத்தை முன்கூட்டிச் சொல்ல, 50 வயதில் இருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட இதுவே நல்ல அறிகுறியாக இருந்தது. ஆரம்பத்தில் சேர்க்கப்பட்ட எல்லோருமே வெள்ளையின ஆண்கள் என்பதால், அதை அப்படியே நமக்குப் பொருத்த நான் தயங்குவேன். ஆனாலும் என் அறைக்கு வருபவர்களிடம் நான் பார்ப்பதும் அதையேதான்.

அதனால் அந்த இரண்டு நிமிடப் போனில் உண்மையாக ஒரு விஷயமாவது சொல்லுங்கள். "இன்னைக்கு மேனேஜர் திட்டிட்டாரும்மா, மனசு சரியில்ல" என்று சொன்னால் போதும். சின்னதைச் சொல்லிப் பழகியவர்களுக்குத்தான் பெரியது வரும்போது வாய் வரும். வீட்டில் சொல்ல முடியாத சூழ்நிலை சிலருக்கு உண்டு. அவர்களுக்கு அக்காவோ, சித்தப்பாவோ, ஹாஸ்டல் நண்பனோ இருக்கட்டும். நட்பு தானாக நிலைக்காது. நண்பன் கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டாலும், அவன் வீட்டுத் துக்கத்துக்கு லீவு போட்டாவது போய் நில்லுங்கள். யாராவது உங்களிடம் மனம்விட்டுப் பேசினால், உடனே புத்தி சொல்லாமல் முழுதாகக் கேளுங்கள்.

தூக்கத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் கெட்ட மனதுக்குச் சின்னப் பிரச்சினையும் மலையாகத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்காதீர்கள். உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது.